ஊவா மலைநாட்டில் இராத் தங்கல்

பிறநாட்டுப் பயணத்துக்குச் சீட்டு வாங்கியவர் அடுத்துக் கேட்கும் கேள்வி, "இரவு எங்கே தங்குவது?" என்பதே. பெரிய ஹோட்டலா, சிறிய விருந்தினர் விடுதியா என்று வாதிடுவோர் பெரும்பாலும் வாடகையை முன்வைத்தே வாதிடுவர். வாடகையோடு, அந்த விடுதியை யார், யாருக்காக, யாருடைய நிலத்தில் கட்டினார் என்பதையும் விசாரித்தால் அந்நாட்டின் வரலாறு பாதி விளங்கிவிடும். இதற்கு இலங்கையின் ஊவா மாகாணம் நல்ல எடுத்துக்காட்டு.

கொழும்பிலிருந்து மலையேறிய இருப்புப்பாதை 1893 இல் அப்புத்தளையையும் 1894 இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளை மக்களோ புகைவண்டியைக் காண 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தெமோதரையில் பாதை ஒரு வட்டமடித்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து செல்லும் விந்தையை இன்றும் பயணிகள் சன்னல் வழியே எட்டிப் பார்க்கின்றனர். பண்டாரவளை ஹோட்டல் 1893 இல் எழுந்தது. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கூடிக் களிக்கவே அது பயன்பட்டது. கணப்பும் பழைய பித்தளைக் கட்டிலுமாக அக்காலத்துச் சாயல் அங்கே இன்னும் மறையவில்லை. ஹோட்டலின் சிறப்பு, அது விருந்தினரை ஒன்றும் கேட்பதில்லை என்பதே. வெந்நீர் வருகிறது; தேநீர் வருகிறது; வெளியே இருப்பது எந்த நாடு என்று அறியாமலே ஒருவர் பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம். களைத்து வந்தவருக்கு இது பெரிய உதவிதான். ஊரைக் காண வந்தவருக்கு அத்துணை உதவி என்று கூற இயலாது.

வாடிவீடு வேறு வகை. ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கி ஆங்கிலேயர் காலத்தில் பெருந்தெருக்கள் நெடுகப் பரவிய இவ்வில்லங்கள், சுற்றுப்பயணம் செய்யும் அரசாங்க உத்தியோகத்தர் இளைப்பாறுவதற்கென அமைந்தவை. நல்ல காட்சி தெரியும் மேட்டைத் தேர்ந்தே அவற்றைக் கட்டினர். எல்ல என்னும் ஊரின் பழைய வாடிவீடு மலையிடுக்கை நோக்கி நின்ற இடத்தைக் கண்டவர், இடம் தேர்ந்தவனின் கண்ணை மெச்சாமல் இருக்க மாட்டார். உல்லாசப் பயணத்துறையை வளர்க்க 1966 இல் சட்டங்கள் இயற்றப்பட்டு ஹோட்டல் கூட்டுத்தாபனம் தோன்றியபின், வாடிவீடுகள் பலவும் அதன் கைக்கு மாறின. பழைய பெயரை இழந்தவையும் உண்டு.

அப்புத்தளைக்கு அருகே சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய அடிஷாம் மாளிகையோ, 1960களில் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாயிற்று. அங்கும் சில அறைகள் விருந்தினருக்கு உண்டு. துரை வாழ்ந்த வீட்டில் துறவியர் பழப்பாகு காய்ச்சி விற்பதைக் காண்பவருக்குக் காலத்தின் குறும்பு விளங்கும்.

இனி விருந்தினர் விடுதி. எல்ல ஊரில் இவை தெருவுக்குத் தெரு முளைத்துள்ளன. சொந்த வீட்டில் இரண்டு அறை கூடுதலாகக் கட்டி, வாயிலில் ஒரு பலகை மாட்டினால் விடுதி தயார். வெந்நீர் சிலவேளை ஏமாற்றும்; சுவர் மெல்லியதாயின் அடுத்த அறைக்காரரின் குறட்டையும் வாடகையில் சேர்ந்தே வரும். ஆனால் வீட்டுக்காரி சமைத்த சோறும், பருப்பும், பலாக்காய்க் கறியும், தேங்காய்ச் சம்பலும் எந்தப் பெரிய ஹோட்டலின் மேசைக்கும் இளைத்தவையல்ல. அந்தப் பணம் அவ்வூரிலேயே தங்குகிறது. பேச்சும் கிடைக்கிறது. மொத்தத்தில், மூன்று இரவு தங்குவோருக்கு விடுதியே மேல். ஓரிரவு மட்டும் தங்கி விடியுமுன் புகைவண்டி ஏறுவோர் ஹோட்டலுக்குப் போகலாம்.

இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. விடுதி நடத்தச் சொந்த வீடு வேண்டும். ஊவாவின் அழகென்று உலகம் படம்பிடிக்கும் தேயிலை மலைகளில் வாழும் தமிழர் ஏன் பரவலாக விடுதி நடத்துவதில்லை?

அவர்களுடைய முன்னோரும் கடல் கடந்து வந்த பயணிகளே. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின், ஒரே வழியில் இருவகைப் பயணிகள் வந்தனர். செல்வர் கொழும்பில் இறங்கிக் காலிமுக ஹோட்டலுக்குப் போனார். தொழிலாளி கப்பலேறுமுன்னரே மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டார். மலையில் அவருக்குக் கிடைத்த தங்குமிடம் லயம்: வரிசையாய் ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. ஆள் வேலைக்கு நிற்கும்வரை ஒதுங்க இடம் என்ற எண்ணத்தில் எழுந்தவை, தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களின் வீடாயின. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. அத்தனை மாற்றத்திலும் காம்பராவின் நிலம் குடியிருப்போர் பெயருக்கு வரவில்லை. உறவினர் வந்தால் இஸ்தோப்பில் பாய் விரித்து, ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொடுத்து உபசரிக்கும் குடும்பத்துக்கு, வாயிலில் பலகை மாட்டும் உரிமை இல்லை.

கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் உண்டென்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. போக வேறு வீடில்லாதவர் எங்கே போவர்? பிழைத்தோர் பாடசாலைகளிலும் பின்னர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினர். பூனாகலைப் பகுதியில் கட்டிய புதிய வீடுகள் 2016 இல்தான் அவர்கள் கைக்கு வந்தன. மலையகத்தின் அக்காலத்துப் புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்பது கணக்காக இருந்தது. தனி வீடு, தனிச் சுவர், தனி வாயில்.

இப்பகுதிக்கு வரும் பயணி தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுவதே வழக்கம். ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அந்நீர் கொஸ்லந்தையிலிருந்து தொலைவில் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கடுமை. அந்நாட்களில் அறை பிடிப்பவர் வெந்நீர் உண்டா என்று கேட்குமுன், பின்புறத்து மலைச்சரிவுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டறிவது நன்று. அக்கம்பக்கத்து லயத்தார் அதற்குச் சரியான விடை சொல்வர்.