கைக்கு அளவெடுத்த மரம்

தபால்தலை சேர்ப்பவர்கள், பழைய நாணயம் சேர்ப்பவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அமெரிக்காவில் ரிவால்வரின் மரப்பிடிகளை மட்டும் தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. இரண்டு மரத்துண்டுகள், அவற்றை இணைக்க ஒரு திருகாணி, அவ்வளவுதான் சமாச்சாரம். பெயர் பெற்ற கைவினைஞர் செய்த ஜோடி என்றால் ஒரு ரிவால்வரின் விலையையே கேட்கிறார்கள், வாங்குபவரும் கொடுத்துவிடுகிறார். துப்பாக்கி மேல் எனக்கு மோகம் கிடையாது. ஆனால் இந்தப் பிடி அசல் தச்சு வேலை. தச்சு வேலையாகவே அதை இன்று எடைபோடலாம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் ரிவால்வருக்கும் மரப்பிடி உண்டே, தனியாக எதற்கு? மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஆகட்டும், ஹார்ட்ஃபர்டின் கோல்ட் ஆகட்டும், இரும்புச் சட்டத்தின் வடிவத்துக்குப் பொருத்தமாகத்தான் மரத்தை வைத்தார்கள். பிடிக்கிறவன் கையை அவ்வளவாக நினைத்துப் பார்க்கவில்லை. விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னால் ஒரு இடைவெளி. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். அந்த வளையம் நடுவிரல் கணுவில் போய் இடிக்கும். 1935இல் .357 மேக்னம் தோட்டா வந்ததும் உதையும் பலமானது. அந்தக் காலத்தில் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த ‘மேக்னா’ பிடியில் மரம் சட்டத்தின் தோள் வரை மேலே ஏறியது. உதை உள்ளங்கையில் பரவ அது உதவியது, ஆனால் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. அதை அடைக்கத்தான் வெளியாள் தேவைப்பட்டார்.

அப்படி வந்தவர்களில் முன்னே நிற்பவர் வால்ட்டர் ரோப்பர். குறி பார்த்துச் சுடுவதைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்த மனிதர். 1949இல் தன் சோதனைகளைப் புத்தகமாகவே எழுதினார். வடிவம் அவருடையது, செதுக்கியது காக்னே என்ற கைவினைஞர். சேகரிப்பாளர்கள் ‘ரோப்பர் பிடி’ என்று சொல்லும்போது பாதிப் புகழ் காக்னேயைச் சேர வேண்டும். பெரும்பாலும் சேர்வதில்லை.

ஒரு நல்ல ஜோடியைக் கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும்? முதலில் வெளிப்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். இரும்புச் சட்டம் உட்காருகிற பள்ளம் அங்கேதான் இருக்கிறது. உளி எங்கே நின்றது, எங்கே தடுமாறியது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அடியில் சட்டத்திலுள்ள சிறு முளை வந்து சேரும் துளை இம்மியும் பிசகக் கூடாது, பிசகினால் சுடச்சுடப் பிடி ஆட்டம் காணும். பிறகு இரண்டு பக்கங்களையும் அருகருகே வையுங்கள். ஒரே கட்டையை நடுவில் அறுத்து விரித்திருந்தால் ரேகைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக நிற்கும். இடது பக்கத்தின் மேல்பகுதியில் மரத்தைச் சற்றுக் குடைந்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். சுட்ட தோட்டாக் கூடுகள் தட்டாமல் வெளியே விழ வேண்டுமே! அழகுக்காக அந்தக் குடைவை விட்டுவிட்டவரை நான் கைவினைஞர் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கடைசியாகத்தான் ‘செக்கரிங்’. கை வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறும் வேலை. நெருக்கமான கோடுகள் சாய்வாக வெட்டிக்கொள்ளும்போது ஊசி முனைகளாய்ச் சின்னச் சின்ன வைரங்கள் எழுந்து நிற்கும். பிடியோ தட்டையான பலகை அல்ல, அது வளைந்து திரும்புகிறது. அந்த வளைவின் மேல் கோடு நேராக ஓடுவதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு கோடு நழுவினால் அதைத் தொட்டு வருகிற அத்தனை கோடுகளும் கெட்டுப்போகும். விளிம்புக்கோட்டைத் தாண்டாமல் நிறுத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

கைக்கே அளவெடுத்துச் செய்தவர்களும் உண்டு. ஐடஹோ மாநிலத்து ட்வின் ஃபால்ஸில் ஹெரெட் என்றொரு பட்டறை. வாடிக்கையாளர் தன் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து தபாலில் அனுப்புவார். நம் ஊரில் செருப்புத் தைப்பவர் காலைத் தாளில் வைத்து வரைவாரே, அதே கதைதான். எல்லைக் காவல் படையில் பணியாற்றிய பில் ஜோர்டன் அந்தப் பட்டறைக்காக ‘ஜோர்டன் ட்ரூப்பர்’ என்ற வடிவத்தை வகுத்தார். ஜோர்டனுக்கு மிகப் பெரிய கை. அவர் பெயருக்காக அதை வாங்கிய சின்னக் கைக்காரர்கள் விரல் எட்டாமல் தவித்தால் அது மரத்தின் குற்றமில்லை. அளவெடுத்துச் செய்த பொருளைச் சேகரிப்பதில் உள்ள சிக்கலே இதுதான். வேறொருவர் கைக்குச் செய்ததை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சேகரிப்பாளர்கள் ஓயமாட்டார்கள். வால்நட், மத்திய அமெரிக்காவின் கோகோபோலோ, பிரேசிலின் ரோஸ்வுட். கோகோபோலோவின் தூள் பட்டால் பலருக்கு உடம்பில் தடிப்பு வரும், ஆனாலும் அந்தச் செந்நிறத்துக்காக அதையே கேட்பார்கள். பிரேசில் ரோஸ்வுட்டின் சர்வதேச வணிகத்துக்கு 1992இல் கடும் தடை வந்தது. இந்திய ரோஸ்வுட் என்று அங்கே சொல்வது நம் நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம்தான். ரேகை சுழன்று சுழன்று ஓடும் கட்டைக்கு மவுசு அதிகம். ஆனால் விளிம்பு மெல்லிசாக வரும் இடத்தில் சுழல் ரேகை எளிதில் சில்லாகப் பெயரும். என்னைக் கேட்டால் நேர் ரேகை ஓடும் சாதாரண வால்நட்டுக்கே என் ஓட்டு. கழுகு, மண்டை ஓடு என்று செதுக்கி அடைத்திருப்பதை அலமாரிக்காரர்களிடம் விட்டுவிடலாம்.

பிறகு ரப்பர் வந்தது. மழையில் ஊறாது, கீழே விழுந்தால் உடையாது, விலையும் குறைவு. போலீஸ்காரர்கள் அதற்கு மாறினார்கள். 1980களிலும் 90களிலும் ரிவால்வரையே கைவிட்டுத் தானியங்கிப் பிஸ்டலுக்குப் போனார்கள். கழற்றிய மரப்பிடிகள் பழைய சாமான் பெட்டிகளுக்குள் போயின. அங்கிருந்து அவற்றை மீட்டவர்கள் இந்தச் சேகரிப்பாளர்கள், அந்தப் புண்ணியம் அவர்களுக்கு உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்து விற்பவர்களும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். தேய்த்தால் செக்கரிங் முனை மழுங்கும், சட்டத்தோடு இருந்த பொருத்தம் போகும், விலையும் சரியும்.

இதில் ஈடுபாடுள்ளவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ஸ்மித் அண்ட் வெஸன் தன் பழைய பிடிகளில் வலப்பக்கத் துண்டின் உள்ளே துப்பாக்கியின் எண்ணைப் பதித்துவைத்தது, அதனால் எது எதற்குரியது என்று இன்றும் சொல்ல முடிகிறது. தனிக் கைவினைஞர்கள் பலர் பெயரைக்கூடப் போடவில்லை. யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு துண்டுத்தாளில் எழுதி அந்த ஜோடியோடு வையுங்கள். மரத்தில் மட்டும் எழுத வேண்டாம்.