சிலேட்டும் கோவை இலையும்

ஒன்றாம் வகுப்பு என்றாலே எனக்கு மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டுதான். ஆந்திராவின் மார்க்காபூர் அந்தக் கல்லுக்குப் பேர்போன ஊர். களிமண் படிவுகள் பூமிக்குள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி உண்டான பாறை அது. ஏடு ஏடாகப் பிளக்கும். அதனால்தான் அவ்வளவு மெல்லிய பலகையாக நம் மடிக்கு வந்தது.

துடைக்க வேலியோரக் கோவை இலை. கசக்கித் தேய்த்தால் சிலேட்டு கறுகறுவென்று ஆகிவிடும். என்ன அழகு அந்தக் கறுப்பு! வகுப்புக் கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசுவார்கள், பெரிய வகுப்பு அண்ணன்கள்.

பைக்குள் சிலேட்டோடு தட்டும் கிடக்கும். காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் சத்துணவாக விரிந்தது. பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்த தட்டு அது.

பரணில் பழைய சிலேட்டு இருந்தால், இன்றைக்கே இறக்கிப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு ‘அ’ எழுதிப் பார்க்கட்டும்.