நாயேன் என்னும் சொல்



இன்று ஆனி மகம். மணிவாசகப் பெருமான் தில்லையில் இறைவனோடு இரண்டறக் கலந்த திருநாள். அப்பெருமான் திருவாசகத்தில் தம்மை 'நாயேன்' என்று பலகாலும் கூறிக்கொள்கின்றார். பாண்டியனுக்கு அமைச்சராய் வீற்றிருந்தவர் தம்மை இவ்வாறு அழைத்துக்கொண்டது ஏன்? வெறும் பணிவுரையோ? இதனைச் சிந்திக்குமுன், உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூற விழைகின்றேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டில், நியூகினித் தீவின் காட்டிலே, கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் சின்னஞ்சிறு பெண்நாய் அகப்பட்டது. யார்க்சயர் டெரியர் என்னும் வகையைச் சேர்ந்தது. உயரம் 7 அங்குலம். எடை 4 பவுண்டு, அஃதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. வில்லியம் வின் என்னும் அமெரிக்கப் படைவீரர் அதனை விலைக்கு வாங்கினார். ஸ்மோக்கி என்பது அதன் பெயர். தம் உணவில் பங்கிட்டு ஊட்டித் தம் கூடாரத்திலேயே வளர்த்தார்.

1945 சனவரியில் அப்படையினர் பிலிப்பைன்சு நாட்டு லிங்காயன் வளைகுடாப் பகுதியில் இருந்தனர். அங்கு விமானங்கள் செல்லும் பாதையின் கீழே தொலைபேசிக் கம்பி செலுத்த வேண்டியிருந்தது. பாதையைத் தோண்டினால் மூன்று நாள் ஆகும்; அதுவரை ஆட்களும் விமானங்களும் பகைவர் குண்டுவீச்சுக்கு இலக்காக நேரும். பாதையின் அடியில் 70 அடி நீளமும் 8 அங்குல விட்டமும் உள்ள குழாய் ஒன்று புதைந்திருந்தது. அதிலும் சிலவிடங்களில் பாதியளவு மண் அடைத்திருந்தது. வலிமை மிக்க வீரர் பலர் நின்றனர்; ஒருவராலும் அதனுள் நுழைய இயலாது.

வின், கம்பியோடு இணைத்த கயிற்றை ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையிற் கட்டினார். மறுமுனைக்கு ஓடிச் சென்று பெயர் சொல்லி அழைத்தார். சில அடி வந்த நாய், அஞ்சித் திரும்பிற்று. மீண்டும் அழைத்தார், மீண்டும் புகுந்தது. இடையிலே கயிறு சிக்கிற்று. நின்று திரும்பிப் பார்த்தது. சிக்கு விடுபட்டது. புழுதி எழுந்து ஒன்றும் புலப்படவில்லை. அவர் அழைத்துக்கொண்டேயிருந்தார். நெடுநேரத்தின்பின் இருளினூடே இரு சிறு கண்கள் ஒளிர்ந்தன. தலைவனை அணுகியதும் அது ஓடி வந்து வெளிப்பட்டது. கம்பியும் உடன் வந்தது. பல உயிர்கள் இடரினின்று நீங்கின.

அன்பர்களே! கம்பி இன்னது, போர் இன்னது என்று அந்நாய் அறியாது. தலைவன் குரல் ஒன்றையே அறியும். அஞ்சாமையால் அது சென்றதன்று. அஞ்சியும், குரலை நம்பிச் சென்றது. யானை போன்றார் நட்பை விடுத்து நாய் போன்றார் நட்பைக் கொள்க என நாலடியார் அறிவுறுத்துவதும் இத்தகைய அன்பு நோக்கியே.

இனி மணிவாசகரை நினைமின். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவாய் எழுந்தருளி ஆட்கொண்ட இறைவன், தில்லைக்கு வருக எனப் பணித்து மறைந்தருளினான். இம்முனையில் அடியவர் தனித்து நின்றார். அம்முனையிலிருந்து அழைப்பு மட்டும் கேட்டது. கலங்கினார், அழுதார், ஆயினும் நடந்தார். ஆதலின் 'நாயேன்' என்பது வெறும் இழிவுரை அன்று. தலைவன் குரலையன்றி வேறு துணை இல்லேன் என்னும் உறுதியுரை.

நம் வாழ்விலும் நோயும் பிரிவும் வறுமையும் இருண்ட குழாய்போல் வந்து நெருக்குகின்றன. 'யான்' என்று பருத்த உள்ளம் அதனுள் நுழையமாட்டாது தவிக்கும். சிறியேன் என்று சுருங்கிய உள்ளமே கடந்து செல்லும். திரும்பி ஓடினாலும் குற்றமில்லை. அவன் மீண்டும் அழைப்பான். திருவைந்தெழுத்தைச் செவியில் நிறுத்தி, அக்குரல்வழியே செல்வோமாக.

திருச்சிற்றம்பலம்.