கானமயிலும் கதிரொளி மின்சாரமும்

நிலக்கரிப் புகை உயிர்க்குலத்துக்குக் கேடு. ஆதலின் வெயிலிலிருந்து மின்சாரம் பெறுவதே அறவழி என எளிதாகச் சொல்லிவிடலாம். ராஜஸ்தானத்து ஜைசல்மேர்ப் பாலையில் அது அத்துணை எளிதன்று.

அங்கே வெயிலும் வெற்றுநிலமும் மிகுதி. அந்நிலமே கானமயிலின் வாழிடமும். ஒருகாலத்தில் தமிழகப் பொட்டல்களிலும் மேய்ந்த அப்பறவையினத்தில் இன்று இயற்கை வாழிடங்களில் எஞ்சியவை ஏறத்தாழ 150. கண்கள் பக்கவாட்டில் அமைந்தமையால் நேர் எதிரில் உள்ள மின்கம்பி அதற்கு எளிதில் தென்படாது. தென்பட்டாலும், 15 கிலோ வரை கனக்கும் உடலை நொடியில் திருப்ப இயலாது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனத்துக்கு ஒரு சாவும் பேரிழப்பே.

2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அப்பகுதிக் கம்பிகளை இயன்றவரை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டது. செலவு பன்மடங்காகும், உயரழுத்தக் கம்பிகளுக்கு அது இயலாது, நிலக்கரியைக் கைவிடும் முயற்சியே தடைப்படும் என்று அரசு முறையிட்டது. அவ்வாதமும் புறந்தள்ளத்தக்கதன்று, புகையால் மாள்வதும் உயிரே. 2024 மார்ச்சில் நீதிமன்றம் பொதுவான அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவொன்றை அமைத்தது.

ஜைசல்மேர் மாவட்டத்துப் பொரிப்பகங்களில் கானமயில் குஞ்சுகள் வளர்கின்றன. அவற்றைத் திறந்தவெளியில் விடும் நாளில் அவ்வானத்தின் குறுக்கே எத்தனை கம்பிகள் ஓடும் என்பதற்கு இன்னும் விடையில்லை.