இரண்டு – ஐந்து



1966. கல்கத்தா சவுத் கிளப் புல்தரை. டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போக மிச்சம் ஒரே ஆட்டம். பரிசுப்பணம் வாங்காத அமெச்சூர், நம் ராமநாதன் கிருஷ்ணன். பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் செட் கணக்கில் 1–2. நான்காம் செட்டில் 2–5. இன்னொரு கேம் போனால் முடிந்தது. புல்லில் பந்து எழும்பாது, வழுக்கி ஓடும், குனிந்தே எடுக்கவேண்டும். (உப்பு வாருகிறவர்களுக்கு அந்த இடுப்புவலி தெரியும்.) ஒவ்வொரு பந்தாக எடுத்தார். 7–5, 6–2. மெல்பர்ன் இறுதியில் இந்தியா தோற்றது, அது வேறு.

டென்னிஸில் கடிகாரம் இல்லை. கடைசிப் புள்ளிவரை ஆட்டம் உயிரோடிருக்கும். யோபுவும் சாம்பலில் உட்கார்ந்தபடியே கடவுளோடு வழக்காடினார், பேச்சை நிறுத்தவில்லை.

மரக்காணத்தில் வாரிவைத்த உப்பை ஒரு மழை கரைத்துவிடும். கடன் கரையாது. "இனி எதற்கு, சாமி?" என்று வருகிறவர்களோடு கொஞ்சநேரம் சும்மா உட்காருகிறேன். வெயில் திரும்பியதும் பாத்தியை மறுபடி மிதிக்க அவர்களே இறங்குகிறார்கள்.