டீசல் வண்டியின் மூச்சை அறிவோம்

(ஜெராம் வட்டாரத் தோட்டப் பொதுமண்டபத்தில் வாகனமோட்டிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கும் செம்பனைக்கும் உள்ள உறவு நீண்டது. நம் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவாயிற்று. அறுத்த பழக்குலை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலையைச் சென்றடைய வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பமிலம் மிகுந்து தரம் குன்றும். ஆகவே வண்டி நின்றால் வருவாயும் நிற்கும். அதே வண்டியில்தான் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். அவசரத்தில் நோயாளியைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. மேலும், 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்ததை நாம் மறந்துவிட முடியாது. இழுவை குறைந்த வண்டி எண்ணெயையும் வீணாக்கும்.

பழைய டீசல் பிக்கப் ஒன்று பாரம் ஏற்றினால் இழுக்க மறுக்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஏர்ஃப்ளோ சென்சர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்ற சொல்லையே பெரும்பாலும் கேட்கிறோம். சில நூறு வெள்ளி செலவாகிறது. மறு வாரமே அதே கோளாறு திரும்புகிறது. ஏன்? சென்சர் பொய் சொல்லவில்லை. அது சொன்ன உண்மையை நாம் ஆராயவில்லை. இன்று நான் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே.

முதலில் அது என்ன கருவி என்று பார்ப்போம். காற்று வடிகட்டிப் பெட்டியை அடுத்த குழாயில் அது பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் சூடேற்றப்பட்ட மெல்லிய தகடொன்று உண்டு. சூடான தேநீரை ஊதினால் ஆறுகிறதல்லவா? அவ்வாறே உள்ளே செல்லும் காற்று அத்தகட்டை ஆற்றுகிறது. அதன் சூட்டைக் குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. அக்கணக்கை ஏற்று வண்டியின் கணினி இரண்டு காரியங்களைச் செய்கிறது. புகை கக்காத அளவுக்கு டீசலை வரையறுக்கிறது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வை ஆளுகிறது.

எல்லா டீசல் வண்டியிலும் இக்கருவி இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. இயந்திரப் பம்பு கொண்ட மிகப் பழைய வண்டிகளில் இதனைத் தேடிப் பயனில்லை. 1995ஆம் ஆண்டில் ஜப்பானிய லாரியிலும் 1997இல் ஐரோப்பியக் காரிலும் 'காமன் ரெயில்' முறை புகுந்த பின்னரே கணினி ஆளும் டீசல் எஞ்சின்கள் பரவலாயின. நிசான் நவாராவின் 2.5 லிட்டர் எஞ்சின் இக்கருவி கொண்டவற்றுள் ஒன்று.

இனி, சோதிக்கும் முறைக்கு வருவோம். செலவில்லாத சோதனையை முதலிலும் செலவுள்ளதை இறுதியிலும் செய்தல் வேண்டும்.

ஒன்று: புகையைக் கவனியுங்கள். இழுவை குறைந்து, கரும்புகையும் இல்லையென்றால், அழுக்கடைந்த சென்சரையோ அடைபட்ட வடிகட்டியையோ ஐயுறலாம். காற்றுக் குறைவு என்று கருதிக் கணினி டீசலைக் குறைத்துவிடுகிறது. இழுவை குறைந்து கரும்புகையும் தள்ளினால், டர்போவுக்குப் பின்னுள்ள குழாய் வெடித்திருக்கலாம். அல்லது இஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம்.

இரண்டு: வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு நகர வண்டியின் கால அட்டவணை பொருந்தாது.

மூன்று: எஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பின், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரையிலும் அங்கிருந்து எஞ்சின் வரையிலும் உள்ள ரப்பர்க் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். அடிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த வெடிப்பு இருந்தால், சென்சர் அளந்த காற்று வழியிலேயே கசிந்து போகிறது என்று பொருள்.

நான்கு: சென்சரின் கம்பி இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். ஜெராம் கடலோரம், உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சை பூக்கும். செம்பனைக் காட்டு எலி கம்பியைக் கடித்திருக்கவும் கூடும்.

ஐந்து: வெற்றிடக் குழாயால் இயங்கும் இஜிஆர் வால்வாயின், அக்குழாயைக் கழற்றி முனையை அடைத்தால் வால்வு மூடிக்கொள்ளும். அப்போது ஸ்கேனர் கருவியில் காற்றளவு உயர்ந்தால் சென்சர் உயிரோடிருக்கிறது. உயராவிட்டால் வால்வு சிக்கியிருக்கலாம், சென்சர் பழுதாகியிருக்கலாம், அல்லது அவ்வால்வு அப்போது திறந்தே இல்லாதிருக்கலாம்.

ஆறு: ஒரு சிறு கணக்கு. நான்கு வீச்சு எஞ்சின் இரு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 2.5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் 400 முறை, அதாவது 1000 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். நம் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.15 கிராம். ஆக நிமிடத்துக்கு 1150 கிராம். வினாடிக்கு 19 கிராம். முழுதும் நிரம்பாமையால் 16, 17 எனக் காணலாம். வடிகட்டியும் குழாய்களும் நலமாயிருந்து, இஜிஆர் வால்வு மூடியிருந்தும் ஸ்கேனர் 5, 6 என்றே காட்டினால், அப்போது சென்சரை ஐயுறுவது முறையாகும்.

சென்சரின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது பலர் அறிந்த சோதனை. கணினி ஓர் உத்தேச அளவை எடுத்துக்கொள்வதால் இழுவை திரும்பக்கூடும். ஆயினும் இஜிஆர் வால்வையும் கணினி அப்போது மூடிவிடலாம். ஆகவே இச்சோதனை ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. ஸ்கேனரில் தோன்றும் பி 0100 முதல் பி 0104 வரையிலான குறியீடுகளும் சோதிக்க வேண்டிய இடத்தைச் சுட்டுகின்றனவேயன்றி, மாற்ற வேண்டிய பொருளைக் கூறுவதில்லை.

அழுக்குத்தான் காரணமென்றால், சென்சருக்கென்றே விற்கும் துப்புரவுத் தெளிப்பானைப் பயன்படுத்துங்கள். விரல், துணி, பிரேக் கழுவும் மருந்து, அழுத்தக் காற்று ஆகியவை ஆகா. முற்றும் உலர்ந்த பின்னரே பொருத்துங்கள். எஞ்சின் ஓடுகையில் விசிறியருகே கை வைக்க வேண்டாம். கைப்பிரேக்கைப் போட மறவாதீர்கள்.

கரும்புகையைப் பொறுத்துக்கொள்வதும் நன்றன்று. டீசல் எஞ்சின் புகைக்கு 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகள் 50 அலகு என்ற வரம்பை விதித்தன. அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் வண்டியின் பின்னே சைக்கிளில் வரும் நம் பிள்ளைகளே.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். பட்டறைக்குச் செல்லும் முன் இச்சோதனைகளை ஒரு தாளில் எழுதி, கண்டவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். நல்ல பொறிவல்லுநர் அத்தாளை மகிழ்ந்தே ஏற்பார். உங்கள் உழைப்பின் பணமும் வீண்போகாது.

ஐயமுள்ளோர் தங்கள் வண்டியைப் பற்றி இப்போதே கேட்கலாம்.