ஒளிக்கதவுகளும் ஒரு பழைய சட்டமும்



மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் – மாலி ஃபிங்க் கதையைப் புதுக்கோட்டையில் அறியாதவர் குறைவு. 1915இல் சமஸ்தான மன்னர் ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணியை மணந்தார். ஆங்கில அரசு அவரை மகாராணியாக ஏற்கவில்லை. மறு ஆண்டு பிறந்த மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. 1928இல் மன்னர் பாரிசில் மறைந்தபின், ராஜகோபாலத் தொண்டைமான் என்னும் சிறுவரே அரியணைக்கு உரியவரானார். ஒருவர் யாரை நேசிக்கலாம், அந்த நேசத்தில் எது செல்லும், எது செல்லாது என்பதைப் பேரரசு கோப்பில் எழுதி முடித்தது. அரண்மனைக்கே அந்நிலை. ஆணை நேசித்த ஆணுக்கு அது கோப்போடு நிற்கவில்லை. தண்டனைச் சட்டமாகவே வந்தது.

இந்தப் பின்னணியில் படிக்கத் தக்கது, கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதிய 'தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' என்னும் மாயப் புனைவு. 2023இல் வெளிவந்து அவ்வாண்டுக்குரிய நெபுலா விருதைப் பெற்றது. மாயப் புனைவு என்றதும் அம்புலிமாமாவோடு முடிந்துபோன சமாச்சாரம் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த வழக்கத்தைச் சற்றே தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது.

நாயகன் பெயர் ஃபெட்டர். தளை என்று பொருள். புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்கும் பௌத்த மரபு அப்பொருளையே சொல்லும். பிறந்தவுடனே தாய் அவனுடைய நிழலைப் பிரித்தெடுத்துவிடுகிறாள். மகானாகப் போற்றப்படும் தந்தையைக் கொல்லவே அவனை வளர்க்கிறாள். அவனோ அப்பொறுப்பை உதறிவிட்டு லூரியாட் என்னும் பெருநகருக்குப் போய், விதி தேர்ந்தெடுக்கத் தவறிய வேறு சிலரோடு கூடிப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஹெஜ் என்றொரு காதலன். இந்தக் காதலை ஆசிரியர் பெரும் இரகசியமாகவோ இறுதியில் வெடிக்கும் அதிர்ச்சியாகவோ வைக்கவில்லை. அது அவர்களுடைய அன்றாடம். இந்த இயல்பே நாவலின் துணிவு எனலாம்.

நகரமோ இயல்பானதன்று. இனம், சாதி என்று மக்களைத் தாளில் வகுத்து அடைக்கும் நிர்வாகம், முகாம்கள், கொள்ளைநோய், கலவரங்கள். நெடுநாள் மூடிக் கிடக்கும் சில கதவுகள் அங்கே ஒளிக்கதவுகளாகிவிடுகின்றன. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கதவு. மறுபக்கத்தில் வெறும் சுவர். திறக்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தந்தை கடந்த காலத்தையே மாற்றி எழுதவல்லவர். மாற்றிய பிறகு, புதிய உலகமே ஆதியிலிருந்து இருந்ததாக மக்கள் நம்புகிறார்கள். யக்கர்களைப் புத்தர் இலங்கையிலிருந்து அகற்றியதாக மகாவம்சம் சொல்வதை அறிந்தவருக்கு, ஆசிரியர் எங்கே கை வைக்கிறார் என்பது விளங்கும்.

இதே களத்தில் ஷியாம் செல்வதுரை 1998இல் 'சின்னமன் கார்டன்ஸ்' எழுதினார். டொனமூர் ஆணைக்குழு வந்த 1927ஆம் ஆண்டின் கொழும்பு. முதலியார் குடும்பத்துத் திருமணமான மகன் பாலேந்திரன். ஆணைக்குழுவையொட்டி வந்திறங்கும் பழைய ஆங்கிலேயக் காதலர். யதார்த்த நாவல் அது. ஒரு மனிதர் அடங்கிப்போகும் வலியை மிக நுட்பமாகக் காட்டுகிறது. ஆயினும் அவரை அடக்கிய ஒழுக்கம் எப்படித் தொன்றுதொட்டு வந்த ஒழுக்கமாக மாறியது என்பதைக் காட்ட, கடந்த காலத்தை மாற்றி எழுதும் ஒரு மகான் தேவைப்படுகிறார். சந்திரசேகரவின் நாவலில் பிற்பகுதி நெரிசலாகிறது. புதிய பெயர்கள் வந்து குவிகின்றன. ஆனால் அந்த மகான் மனத்தை விட்டு அகலுவதில்லை.

ஏனெனில் அவருடைய வேலையை நாம் நேரில் கண்டிருக்கிறோம். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் சட்டமானது இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 377ஆவது பிரிவை நம் பண்பாட்டின் காவல் என்று வாதிட்டவர்கள் 2018 வரை இருந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள்தான், வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவை உச்ச நீதிமன்றம் அதிலிருந்து விடுவித்தது. இலங்கையில் அதே மரபில் 1883இல் வந்த தண்டனைச் சட்டத்தில் 365ஏ என்னும் பிரிவு ஆண்களையே குறித்தது. 1995இல், சுதந்திரம் பெற்று ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், அந்நாட்டு நாடாளுமன்றம் அப்பிரிவைத் திருத்தியது. நீக்கவில்லை, பெண்களையும் அதில் சேர்த்தது.